பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: லேபிள் படிக்கப் பழகுவோம்

ஒரு பொருளின் முன்பக்கத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் விற்பவர் நம்மிடம் சொல்ல ஆசைப்படுவது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதில் முக்கியமானவை, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவர் சொல்லியே ஆக வேண்டியவை. அதனால் பின்பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. கடையில் நின்றபடி அவசரத்தில் இதைப் பழக முடியாது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நான்கைந்து பொருட்களை மேசையில் எடுத்து வையுங்கள். எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

படி 1: சேர்மானப் பட்டியல்

எது எடையில் அதிகமோ அது முதலில், குறைவானது கடைசியில். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் தரநிலையில் உள்ள விதி இது. பல நாடுகளின் சட்டங்களிலும் இதே விதி இருக்கிறது.

ஒரு பிஸ்கட் பாக்கெட் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னால் ஓட்ஸ் கதிரும் தேன் சொட்டுவதுமாகப் படம். திருப்பினால் இப்படி இருக்கிறது: மைதா, சர்க்கரை, பாமாயில், ஓட்ஸ் 6%, குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப், தேன் 0.5%. படத்தில் இருந்த ஓட்ஸ் நான்காவது இடத்தில், தேன் கடைசியில். சர்க்கரையோ தன் பெயரில் ஒரு முறை, இரண்டு சிரப்களாக இன்னும் இரண்டு முறை வந்திருக்கிறது. பிரித்து எழுதுவதால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மூன்றையும் மனதில் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை அளவு பிடிபடும். டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், மால்டோஸ் என்றிருப்பவற்றையும் அந்தக் கணக்கிலேயே சேருங்கள்.

வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் ஒவ்வொரு முறையும் படித்தே ஆக வேண்டும். உறை மாறாமலே சேர்மானம் மாறிவிடுவது உண்டு.

படி 2: ஊட்டச்சத்து அட்டவணை

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அட்டவணையின் தலைப்பில் 'ஒரு வேளைக்கு' என்றிருக்கிறதா, '100 கிராமுக்கு' என்றிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நம் பிஸ்கட்டில் ஒரு வேளை என்பது 25 கிராம், அதில் சர்க்கரை 6 கிராம் என்று போட்டிருக்கிறது. குறைவாகத்தான் தெரிகிறது. ஆனால் பாக்கெட் 150 கிராம். பாதியைச் சாப்பிட்டாலே 18 கிராம் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம் என்றால், நாலரை டீஸ்பூன். வெளியிலிருந்து சேரும் சர்க்கரையை அன்றாட ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். அதையும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது.

இரண்டு பிராண்டுகளை ஒப்பிட வேண்டுமா? 100 கிராம் கணக்கில் மட்டும் ஒப்பிடுங்கள்.

உப்புக்கும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சோடியம் என்று போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள். 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாள் முழுக்க 5 கிராமுக்குள் இருப்பதே நல்லது.

'சர்க்கரை சேர்க்கவில்லை' என்ற வரியைப் பார்த்ததும் சர்க்கரையே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழத்திலும் பாலிலும் இயல்பாக இருக்கும் சர்க்கரை அப்படியே இருக்கும்.

படி 3: தேதி

'இதற்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பு பற்றியது, தாண்டினால் தொடாதீர்கள். 'இதற்கு முன் சிறந்தது' என்பது சுவையும் தரமும் பற்றியது. இரண்டுமே பிரிக்காத பாக்கெட்டுக்கு, அதுவும் சொன்னபடி வைத்திருந்தால் மட்டும். திறந்த பிறகு வேறு கணக்கு. அழகுசாதனப் பொருட்களில் திறந்த டப்பா படத்துக்குள் 12 என்ற எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தால், திறந்த பிறகு 12 மாதம் என்று பொருள்.

படி 4: மருந்தும் துப்புரவுப் பொருளும்

இதில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மருந்தில் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். காய்ச்சல் மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், சளிக்கான கூட்டு மாத்திரையிலும் அதுவே இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறி, கல்லீரல் பாதிக்கப்படலாம்.

துப்புரவுப் பொருட்களில் சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரக் குறிகளைத் தேடுங்கள். சுடர் என்றால் எளிதில் தீப்பிடிக்கும். கையும் உலோகமும் அரிக்கப்படும் படம் என்றால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். மண்டையோடு என்றால் கடும் நஞ்சு. பிளீச்சை அமிலம் கலந்த கழிப்பறை கிளீனருடன் ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். இவற்றைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவும் கூடாது. லேபிள் போய்விட்டால் குழந்தைக்கு அது வெறும் பாட்டில்தான்.

படி 5: யார் சொல்வதைக் கேட்பது?

அறிவுரை சொல்பவரைப் பார்த்து ஒரு கேள்வி போதும்: இவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வீடியோவில் பரிந்துரைப்பவர், இணைப்பை அழுத்தி நாம் வாங்கினால் கமிஷன் பெறலாம். விற்பனையாளருக்கு மாத இலக்கு இருக்கலாம். அதனால் சொல்வது பொய்யாகிவிடாது, ஆனால் தனியாக ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

சுயேச்சையாகச் சோதிக்கும் அமைப்புகள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், பிரிட்டனின் விச், ஜெர்மனியின் ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் போன்றவை சோதிக்கும் பொருளைத் தாங்களே காசு கொடுத்து வாங்குகின்றன. என் பார்வையில் ஆயிரம் நட்சத்திர மதிப்பீடுகளைவிட இப்படி ஒரு சோதனை முடிவுக்கு எடை அதிகம். மதிப்பீடுகளைப் படிப்பதென்றால் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். நல்லதும் கெட்டதும் அங்கேதான் சேர்ந்து கிடைக்கும்.

அப்புறம், அரசின் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பப் பெறும் பொருட்களை அறிவிக்கும்போது பேட்ச் எண்ணோடு, அதாவது ஒரே தொகுதியாகத் தயாரானவற்றுக்கு இடும் எண்ணோடு சொல்லும். உங்கள் கையில் உள்ள எண்ணோடு அதை ஒத்துப் பாருங்கள்.

படி 6: பழுதென்றால்

உறையைத் தூக்கி எறியாதீர்கள். பேட்ச் எண், தேதி, ரசீது மூன்றையும் படம் எடுங்கள். முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் சொல்லுங்கள், என்ன தீர்வு வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு நுகர்வோர் அமைப்பிடம் போகலாம். பாதுகாப்பு, தகவல், தேர்வு, குரல் என நுகர்வோரின் நான்கு உரிமைகளை 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி பட்டியலிட்டார். நீங்கள் எழுதும் புகார் அந்த நான்காவது உரிமையில் வருவது.