நெபுலா படங்களில் உருவம் தேடலாம்: குதிரைத் தலையிலிருந்து தொடங்குங்கள்

விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த படங்களில் உருவம் தேடிப் பழக விரும்புகிறவர்கள் முதல் நாளே வண்ணக் களேபரமான படம் ஒன்றைத் திறந்துவைத்துத் திணறுவதுண்டு. அதைவிட ஓரியன் விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 1,300 ஒளி ஆண்டுத் தொலைவில் இருக்கும் குதிரைத்தலை நெபுலா என்னும் வாயு, தூசு மேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1888இல் ஹார்வர்டு வானாய்வகத்தின் புகைப்படத் தகடு ஒன்றில் வில்லியமினா ஃபிளெமிங் கண்டெடுத்தது இது.

1. படத்தை இறக்குதல்

ஹபிள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிகளின் இணையதளங்களில் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சிறிய அளவுப் படமே போதும். நுணுக்கங்கள் கூடக்கூட உருவம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

2. நிறத்தை நீக்குதல்

கைப்பேசியிலேயே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். இந்தப் படங்களின் நிறங்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள் தீட்டியவை. கழுகு நெபுலாவில் தூண்கள் போல எழும் வாயு, தூசுத் திரள்களை ஹபிள் 1995இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கினார்கள். உண்மையில் அந்த ஹைட்ரஜன் ஒளி சிவப்பு! நிறத்தை நம்பி உருவம் தேடினால், தீட்டியவரின் கண்ணால் பார்ப்பதாகிவிடும்.

3. இருட்டைப் பார்த்தல்

முக்கியமான படி இதுதான்; இங்கே அவசரப்படாதீர்கள். புதியவர்களின் கண் ஒளிரும் பகுதிக்கே ஓடும். குதிரையோ ஒளிர்வதே இல்லை. பின்னால் ஹைட்ரஜன் வாயு ஒளிவிடுகிறது. அந்த ஒளியை முன்னால் நிற்கும் அடர்ந்த தூசு மேகம் மறைக்கிறது. மறைந்த இடம்தான் குதிரை. ஆகவே வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்பில் விரலை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். பிடரி, நெற்றி, மூக்கு என்று ஒவ்வொன்றாக வரும்.

4. சுழற்றுதல்

விண்வெளிக்கு மேல், கீழ் என்பது கிடையாது. வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் இந்தக் குதிரை பக்கவாட்டில் சாய்ந்துதான் கிடக்கும். நிமிர்ந்து நிற்பது நாம் திருப்பி வைப்பதால். எந்தப் படத்தையும் நான்கு திசைகளிலும் திருப்பிப் பாருங்கள்.

5. வேறு ஒளியில் சோதித்தல்

ஹபிள் 2013இல் இதே குதிரையை அகச்சிவப்பு ஒளியில் எடுத்தது. தூசை ஊடுருவும் ஒளி அது. கரிய குதிரை மெல்லிய புகைபோல் ஆகிவிட்டது. 2024இல் வெப் எடுத்த படம் பிடரியை மட்டும் நெருங்கிக் காட்டுகிறது. அதில் குதிரையைத் தேடிப் பயனில்லை. இணையத்தில் கிடைக்கும் ஆலடின் லைட் கருவியில் ஒரே இடத்தை வெவ்வேறு அலைநீளங்களில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். குதிரை சாசுவதமானதும் அல்ல. இன்னும் ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளில் அந்த மேகம் கலைந்துவிடும் என்பது வானியலாளர்களின் கணிப்பு.

அடுத்து எது?

கண் போலத் தெரியும் ஹெலிக்ஸ் நெபுலா எளிது. பட்டாம்பூச்சி நெபுலாவும் சிரமம் தராது. நண்டு நெபுலாவைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். 1840களில் அயர்லாந்தில் ரோஸ் பிரபு தம் தொலைநோக்கியில் பார்த்து வரைந்த ஓவியத்தால் வந்த பெயர் அது. ஹபிள் படத்தில் நண்டைக் கண்ட ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.