பழைய பக்கியில் செவ்ரோலே 4.1: வீட்டுக் கேரேஜில் ஹாட் ராட் கட்டும் முறை

தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பக்கி என்று பெயர். 1937 முதல் 1946 வரை வந்த அரை டன் செவ்ரோலே பக்கியின் கூட்டுக்குள் 1970களின் 4.1 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கினால், டர்பன் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரே ஒரு கார் நிற்கும் கேரேஜிலும் கட்டி முடிக்கக்கூடிய ஹாட் ராட் (பழைய வண்டிக்குள் வலுவான எஞ்சின் போட்டுக் கட்டும் வண்டி) கிடைக்கும். ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் வி8தான் வேண்டும் என்று பலர் ஆசைப்படுவார்கள். அழகான எஞ்சின்தான். ஆனால் அதன் புகைவழி பிளாக்குக்குள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தைச் சூடாக்கிக்கொண்டே வெளியே வருகிறது. வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடுவது அதன் பிறவிக்குணம். டர்பனின் ஜனவரி வெயிலில் அதைக் குளிரவைப்பதே தனி வேலையாகிவிடும்.

4.1 எஞ்சின் போர்ட் எலிசபெத்தில் கட்டிய செவ்ரோலே கார்களில் ஓடியது. 98.4 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 89.7 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), கிராங்குக்கு ஏழு மெயின் பேரிங். நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் ஓட்ட இது செய்யப்படவில்லை. 1,500 முதல் 3,000 சுற்றுக்குள் வண்டியை இழுத்துக்கொண்டு போவதே இதன் பலம். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கார்புரேட்டர், டிஃப் விகிதம் (பின் ஆக்சிலின் கியர் விகிதம்) எதைத் தேர்ந்தாலும் இதை மனதில் வைத்தே தேர்வு செய்யுங்கள். பெரிய கேமுக்கு வைத்திருக்கும் பணத்தை பிரேக்குக்கும் ரேடியேட்டருக்கும் போடுங்கள்.

வாங்கும்போது

எஞ்சின் எண்ணை முதலில் பாருங்கள். தேய்த்து அழித்திருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். எஞ்சின் மாற்றிய வண்டியைப் பதிவு செய்யப் போலீஸ் கிளியரன்ஸ் வேண்டும். அழிந்த எண்ணோடு அது நடக்காது. விற்பவரின் விவரத்தோடு ரசீது எழுதி வாங்கி, பதிவு முடியும்வரை பத்திரமாக வையுங்கள்.

ஓடும் எஞ்சினாக இருந்தால் கம்ப்ரெஷன் எடுங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துச் சுற்ற வேண்டும். ஆறிலும் 9 பார் அளவில் (130 பி.எஸ்.ஐ.) வந்து, ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட் நடுவில் போயிருக்கும்.

எஞ்சின் வேலை

பிளாக்கைப் பிரித்ததும் பக்கத்துக் கோர் பிளக்குகளை (தண்ணீர் அறையின் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்) எல்லாம் தட்டி எடுத்து, தண்ணீர் அறைக்குள் கம்பி விட்டுச் சுரண்டுங்கள். பின்பக்கம், ஆறாவது சிலிண்டரைச் சுற்றி, துருவும் சேறும் கல்போல இறுகிக் கிடக்கும். புது ரேடியேட்டர் போட்டும் எஞ்சின் கொதிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடாமல் விட்டவர்கள்.

0.75 மி.மீ. ஓவர்சைஸ் வரை தயங்காமல் போர் செய்யலாம். மேல் ரிங்கின் இடைவெளி 0.4 மி.மீ. இருக்கட்டும், குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டிப் பிஸ்டன் உடையும். டார்க் அளவுகள்: மெயின் கேப் 65 அடி-பவுண்டு (88 நியூட்டன் மீட்டர்), கனெக்டிங் ராட் 35 (47), ஹெட் போல்ட் 95 (129). ஹெட்டை மூன்று சுற்றாக, நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி இறுக்குங்கள்.

தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பழைய ஹெட்டின் எக்ஸாஸ்ட் சீட் வெறும் வார்ப்பிரும்பு. ஈயம் இல்லாமல் ஏற்றத்தில் நெடுநேரம் இழுத்தால் வால்வு சீட்டைத் தின்று உள்ளே இறங்கும். ஆறு எக்ஸாஸ்ட் சீட்டும் கடின உலோகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இன்டேக் சீட்டுக்குத் தேவையில்லை.

இந்த எஞ்சினில் டைமிங் செயின் கிடையாது. கிராங்க் கியர் நேரே கேம் கியரைச் சுற்றுகிறது. கேம் கியர் ஃபைபராக இருந்தால் பல் உதிர்வதற்கு முன்பே மாற்றுங்கள். கியர் கேமில் பிரஸ் செய்து ஏற்றியது, சுத்தியலால் தட்ட வேண்டாம். கிராங்கின் முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் வளையமான பேலன்சருக்கும் அதே விதி. பல எஞ்சின்களில் அதைப் பிடிக்க நடு போல்ட் இருக்காது, இறுக்கத்தில்தான் நிற்கிறது. அதன் நடு ரப்பர் முதிர்ந்தால் வெளி வளையம் நழுவும், டைமிங் கோடும் பொய்யாகிவிடும். முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனை உச்சத்துக்குச் சற்று முன் தடுக்கும் கருவி) வைத்து இரு பக்கமும் சுற்றி, உச்சம் கோட்டோடு பொருந்துகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள எஞ்சினில் ராக்கரைச் சரிசெய்ய: முதல் சிலிண்டர் வெடிக்கும் உச்சத்தில் இருக்கும்போது 1, 2, 4 இன்டேக்கும் 1, 3, 5 எக்ஸாஸ்ட்டும். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றியபின் 3, 5, 6 இன்டேக்கும் 2, 4, 6 எக்ஸாஸ்ட்டும். புஷ் ராடில் ஆட்டம் தீர்ந்த இடத்திலிருந்து ஒரு முழுச் சுற்று இறுக்கினால் போதும்.

மேனிஃபோல்டில் ஒரு எச்சரிக்கை. இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒன்றோடொன்று போல்ட் செய்தவை. அந்த நடு போல்ட்டுகளைக் கையால் இறுக்கும் அளவுக்குத் தளர்வாக விட்டு, இரண்டையும் ஹெட்டில் இறுக்கி, அதன் பிறகே நடுவை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் எக்ஸாஸ்ட் சில நூறு கிலோமீட்டரிலேயே விரிசல் விடும்.

சேசிஸில் உட்கார வைப்பது

அந்தக் காலத்து பக்கியே ஆறு சிலிண்டரோடு வந்ததால் பானெட்டின் நீளம் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய பின் ஆக்சில் டார்க் ட்யூப் முறையில் வேலை செய்கிறது: சுழலும் தண்டு ஒரு குழாய்க்குள் இருக்கும், சக்கரத்தின் தள்ளுவிசை அந்தக் குழாய் வழியாகக் கியர்பாக்ஸுக்கு வரும். புதுக் கியர்பாக்ஸ் அந்த விசையைத் தாங்காது. ஆகவே திறந்த ப்ரொபெல்லர் ஷாஃப்ட் உள்ள ஆக்சில் வேண்டும். இங்கே பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியின் ஆக்சில் நன்றாகப் பொருந்தும். அதன் ஆறு ஸ்டட், 139.7 மி.மீ. வட்டம் பழைய செவ்ரோலே பக்கியின் வீல்களுக்கும் பொதுவான அளவு. உங்கள் வீலை அளந்து பார்த்தே வாங்குங்கள்.

டிஃப் விகிதத்தைக் கணக்குப் போட்டு எடுங்கள். 28 அங்குல டயர் 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 746 முறை சுற்றும். டாப் கியர் நேரடியானால், 4.3 டிஃபில் எஞ்சின் 3,200 சுற்று ஓடும், 3.5 டிஃபில் 2,600தான். இந்த எஞ்சினுக்கு இரண்டாவதுதான் சரி. 4.3 மட்டும் கிடைத்தால் ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டி தேடுங்கள்.

ஸ்பிரிங் பேடை ஆக்சிலில் முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வையுங்கள். எஞ்சின், பாடி, அரை டேங்க் பெட்ரோல் எல்லாம் ஏறி வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கோணத்தை முடிவு செய்ய வேண்டும். எஞ்சின் பின்பக்கம் 3 டிகிரி சாய்ந்தால் டிஃபின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் முன்தண்டு) மேல்நோக்கி 3 டிகிரி. இரண்டும் 1 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் குறிப்பிட்ட வேகத்தில் தரை முழுக்க அதிரும். ஷாஃப்டை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் தீராது.

சேசிஸின் பக்கச் சட்டம் திறந்த ‘ப’ வடிவில் இருக்கும். எஞ்சின் மவுண்டும் கியர்பாக்ஸ் மவுண்டும் வரும் இடங்களில் 4 மி.மீ. தகடு வைத்து மூடி வெல்டிங் செய்யுங்கள். ஒரே இழுப்பாக வெல்டிங் செய்தால் சட்டம் வாழைப்பழம் போல வளையும். 50 மி.மீ. இங்கே, 50 மி.மீ. எதிர்முனையில் என்று மாற்றி மாற்றிப் போங்கள். தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் குறுக்கு மூலைகளை அளந்து பாருங்கள், 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது.

இங்கே ஸ்டீயரிங் வலப்பக்கம். இந்த எஞ்சினில் மேனிஃபோல்டுகள் இடப்பக்கம் இருப்பதால் எக்ஸாஸ்ட் சூடு ஸ்டீயரிங் பாக்ஸைத் தொடாது. அதற்குப் பதிலாக டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப், ஆயில் ஃபில்டர், ஸ்டார்ட்டர் நான்கும் வலப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மவுண்டை வெல்டிங் செய்யும் முன் இந்த நான்கையும் மாட்டி, ஸ்டீயரிங் ஷாஃப்டையும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆயில் ஃபில்டரைக் கழற்ற ஸ்டீயரிங்கைப் பிரிக்க வேண்டிய நிலை வந்தால், ஆயில் மாற்றுவதே தள்ளிப்போகும். முன் ஆக்சில் முழுக்க மேலே ஏறும்போதும் ஆயில் சம்புக்குக் கீழே 40 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

பிரேக்

பழைய பக்கியின் பிரேக் ஒற்றைச் சுற்று, அதாவது நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் கட்டாயம் வேண்டும், முன்பக்கம் டிஸ்க் வேண்டும். பூஸ்டர் இல்லாவிட்டால் பெடல் விகிதம் 6க்கு 1. மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தளத்துக்குக் கீழே இருந்தால் பிரேக் ஆயில் பின்வாங்கி, பெடல் முதல் மிதியில் தளத்தைத் தொடும். அதைத் தடுக்க டிஸ்க் பைப்பில் 2 பி.எஸ்.ஐ., ட்ரம் பைப்பில் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு (பைப்பில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு) வையுங்கள். இரண்டையும் மாற்றி வைத்தால் டிஸ்க் பிடித்தபடியே ஓடி எரியும். வெறும் செம்புப் பைப் பிரேக்குக்கு ஆகாது. அதிர்வில் இறுகி வெடிக்கும். ஸ்டீல் அல்லது நிக்கல் கலந்த செம்பு போடுங்கள். காலிபர் பிராக்கெட்டை ஸ்பிண்டிலில் ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள், போல்ட் மட்டுமே.

வண்டியைத் தாழ்த்த முன் ஸ்பிரிங்கில் பட்டைகளை உருவினால் காஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) மாறும். ஆப்பு வைத்து 5 டிகிரி அளவில் கொண்டுவாருங்கள். காஸ்டர் குறைந்து, கிங் பின்னும் (முன்சக்கரம் திரும்பும் ஊசி) தேய்ந்திருந்தால் 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளம் போதும், முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

குளிரூட்டல், பெட்ரோல், முதல் ஸ்டார்ட்

ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்கவைக்கும் உறை) இல்லாமல் இந்த வண்டி டர்பனில் பிழைக்காது. ஃபேன் இறக்கை பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்க, ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடாதீர்கள். நின்று நின்று போகும்போது சூடேறினால் காற்றில் குறை. வேகத்தில் சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தில் குறை. தைப்பூசக் காவடி நாளில் அம்கேனி ரோடு கோயில் பக்கம் முதல் கியரில் ஊர்ந்து பார்த்தால் முதல் சோதனை முடிந்துவிடும். பைன்டவுனின் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றம் இரண்டாவது சோதனை.

கார்புரேட்டர் எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் ஓட்டி நிறுத்திய பத்து நிமிடத்தில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து வழிந்து, ஸ்டார்ட் ஆக மறுக்கும். 10 மி.மீ. ஃபைபர் ஸ்பேசரும் 1.5 மி.மீ. அலுமினியத் தகடும் இடையில் வைத்தால் தீரும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக நீளமான தட்டை முனைக் கம்பியை டிரில்லில் மாட்டி ஆயில் பம்பைக் கடிகாரச் சுற்றில் சுற்றுங்கள். எல்லா ராக்கரிலும் ஆயில் வரும்வரை நிறுத்த வேண்டாம். வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. புதுக் கேம் போட்டிருந்தால் பிடித்தவுடன் 2,000 சுற்றுக்கு ஏற்றி 20 நிமிடம் அங்கேயே வையுங்கள். ஐடிலில் விட்டால் கேமுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது, முதல் நாளே லோப் தேய்ந்துவிடும். துத்தநாகம் அதிகமுள்ள 20டபிள்யூ-50 ஆயில் இதற்கு வேண்டும். ஃபில்டரோடு 4.7 லிட்டர் பிடிக்கும். டைமிங்கை வேக்யூம் குழாய் கழற்றிய நிலையில் ஐடிலில் 4 டிகிரி முன்னே வைத்துத் தொடங்குங்கள்.

ஜோகன்னஸ்பர்க் வரை ஓட்டுவதாக இருந்தால் ஒன்று. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்பனில் சரியாக இருந்த கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) அங்கே கறுப்புப் புகை விடும். மெயின் ஜெட்டில் ஒன்றிரண்டு அளவு சிறியதைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 93 ஆக்டேன் போதும். திரும்பி வரும்போது வான் ரீனன் கணவாய் தாண்டிக் கீழே இறங்குவதற்குள் பழைய ஜெட்டை மாட்டிவிட வேண்டும். கடற்கரையில் மெலிந்த கலவையோடு இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு எரியும்.

பராமரிப்பு

5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆயில் மாற்றுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ., பிளக் 0.9 மி.மீ. கிங் பின்னுக்கு 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். பாரத்தை ஜாக்கில் தூக்கிவிட்டு அடித்தால்தான் மேல் புஷ் வரை ஏறும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டர்பன் காற்றில் அது சீக்கிரமே நடக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டாட் 4 முழுக்க மாற்றுங்கள்.

கடற்காற்றின் உப்பு முதலில் தாக்குவது எர்த் வயரை. எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, சேசிஸிலிருந்து பாடிக்கு ஒன்று தனித்தனியாகப் போட்டு, பெயிண்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். விளக்கு மங்குவது, டெம்பரேச்சர் முள் காரணமில்லாமல் ஏறுவது, ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுவது மூன்றும் ஒன்றாக வந்தால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் இந்த இரண்டு வயரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும்.

கடற்கரை ரோட்டில் ஓட்டிய நாளில் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பக்கியின் கதவுக்கு அடியிலும் ஃபுட்போர்டு மூலையிலும் உள்ள வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள். டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தவர்கள் அவற்றை அடைத்துவிட்டிருப்பார்கள். தண்ணீர் உள்ளே நின்று, தகடு வெளியே தெரியாமலே அரிக்கும். மழைக்காலம் முழுக்க வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி வையுங்கள், காலி இடம் இருந்தால் ஈரம் உள்ளே வியர்க்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விட்டு அணைப்பதால் பயனில்லை, சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும். எடுத்தால் ஆயில் நன்றாகச் சூடேறும்வரை 20 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.