குழந்தைக்கு ஹெர்னியா ஸ்கேன்: பெத்தவங்க செய்யிற தவறுகள்

குழந்தை அழும்போதோ முக்கும்போதோ தொடை இடுக்குல ஒரு புடைப்பு வரும், தூங்கினா தானா உள்ள போயிடும், குடல் இறங்கியிருக்குன்னு வீட்ல பெரியவங்களே சொல்லிடுவாங்க, இதைத்தான் ஹெர்னியான்னு சொல்றோம். பீடியாட்ரிக் சர்ஜனும் (குழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர்) ஆபரேஷன்னு சொன்ன பிறகு நெறைய பேர் என்ன பண்றாங்கன்னா, எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம்னு போய் எடுத்து, ரிப்போர்ட்ல நார்மல்னு வந்ததும் ஆபரேஷனை அப்படியே விட்டுடறாங்க. தயவுசெஞ்சு இதை மட்டும் செய்யாதீங்க.

வயித்துலேர்ந்து விதை கீழ இறங்குற பாதை மூடாம நின்னுபோறதாலதான் ஆம்பளப் பிள்ளைங்களுக்கு இது வருது. பாதை தெறந்திருந்தாலும் குடல் எந்நேரமும் அதுக்குள்ள இருக்காது, ஸ்கேன் பண்ற அந்த அஞ்சு நிமிஷத்துல அது வெளிய வரலன்னா படத்துலயும் தெரியாம போகலாம். அதனால நார்மல் ரிப்போர்ட்னா ஹெர்னியா இல்லன்னு அர்த்தம் கிடையாது. டாக்டர் கையால பாத்து, நீங்க சொல்றதையும் கேட்டு தெளிவா இருக்குன்னா பெரும்பாலும் ஸ்கேனே தேவைப்படாது, சந்தேகம் இருக்கிற குழந்தைங்களுக்குத்தான் அது உதவும். புடைப்பு வர்ற நேரத்துல ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, எந்தப் பக்கம்னு தெரியிற மாதிரி. சர்ஜனுக்கு அது ரொம்ப பெரிய உதவி.

அழாம இருக்கணும்னு பால் குடுத்துத் தூங்க வெச்சு ஸ்கேன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போறதும் தப்புதான். இந்த ஸ்கேனுக்கு குழந்தை அழுதா நல்லது, வயித்துல அழுத்தம் ஏறினாதான் குடல் இறங்குறது தெரியும். கொஞ்சம் பெரிய பையன்னா நிக்க வெச்சு இருமச் சொல்லலாம், பலூன் ஊதச் சொல்லலாம். ஸ்கேன் பண்றவங்களும் உடம்பு மேல வெச்சுப் பாக்குற கருவியை (புரோப்) ரொம்ப அழுத்தக்கூடாது, அழுத்தினா இறங்கினது உள்ளயே போயிடும்.

அடுத்தது, இன்னொரு பக்கமும் பாதை தெறந்திருக்குன்னு ரிப்போர்ட்ல வந்ததும் பயந்துபோறது. தெறந்த பாதை வேற, ஹெர்னியா வேற. ஒரு பக்கம் ஆபரேஷன் ஆன குழந்தைங்கள்ல பின்னாடி மறுபக்கம் வர்றது நூத்துக்குப் பத்து பேருக்கும் கம்மிதான். அந்தப் பாதை இத்தனை மில்லிமீட்டர்னு போட்டிருக்கிற ஒரு நம்பரை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. லேப்ராஸ்கோப்பில, அதாவது சின்னத் துளை போட்டு கேமரா விட்டு ஆபரேஷன் செஞ்சா மறுபக்கத்தை நேரடியாவே பாத்துடலாம், அதை சர்ஜன்கிட்ட கேளுங்க.

பொண்ணுக் குழந்தைன்னா விஷயமே வேற. வலியில்லாம, உள்ள போகாம, சின்னதா ஒரு உருண்டை இருந்தா நெறிக்கட்டின்னு நெனச்சு விட்டுடறாங்க, ஆனா அது ஹெர்னியா வழியா இறங்கின சினைப்பையா இருக்கலாம். இங்கதான் ஸ்கேன் உண்மையிலேயே கைகொடுக்கும், சினைப்பைக்குள்ள இருக்கிற குட்டிக் குட்டி நீர்க்குமிழிங்க படத்துல தெரியும். அதை கையால அமுக்கி உள்ள தள்ளப் பாக்காதீங்க, முறுக்கிக்கிட்டா சினைப்பையே போயிடும். ரத்த ஓட்டம் இருக்குன்னு டாப்ளர்ல (ரத்த ஓட்டத்தைக் காட்டுற ஸ்கேன்) வந்தாலும் முறுக்கலன்னு உறுதியா சொல்ல முடியாது.

ஆம்பளப் பிள்ளைக்கு ரெண்டு விதையும் பையில இருக்கான்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கான்னு பாருங்க, இறங்காத விதையும் இடுக்குல புடைப்பாத்தான் தெரியும். வீட்ல டார்ச் அடிச்சுப் பாத்து, வெளிச்சம் ஊடுருவுது, அப்போ வெறும் நீர்தான்னு முடிவுக்கு வராதீங்க, கைக்குழந்தைக்கு குடல் சுவரு ரொம்ப மெல்லிசு, அதுலயும் வெளிச்சம் ஊடுருவும்.

எல்லாத்தையும் விட ஆபத்தான தவறு ஒண்ணு இருக்கு. புடைப்பு கெட்டியாகி, செவந்துபோய், உள்ள போகாம, குழந்தை விடாம அழுது வாந்தி எடுத்தா குடல் மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம், அப்போ ஸ்கேன் சென்டர்ல டோக்கன் வாங்கி உக்காந்திருக்கக்கூடாது. ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்களுக்கும், குறைமாசத்துல பொறந்தவங்களுக்கும் இது நடக்குற வாய்ப்பு அதிகம். குழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க, வாயில பாலோ தண்ணியோ எதுவும் குடுக்காதீங்க, உடனே மயக்க மருந்து குடுக்க வேண்டியிருக்கலாம்.