தேவாலயப் பழுதுபார்ப்புக்கு நிதி கேட்கும்முன்

நீங்கள் நிதி கேட்கும் அறக்கட்டளையின் முடிவு எழுத்தில் வரும்வரை ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்துப் போடாதீர்கள், முன்பணமும் வேண்டாம். தொடங்கிவிட்ட வேலைக்குப் பெரும்பாலான அறக்கட்டளைகள் பணம் தருவதில்லை. தகுதியுள்ள விண்ணப்பங்களும் அடிபடுவது இங்கேதான்.

முதலில் பழைய கட்டடங்களில் பழகிய ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டி, எது அவசரம் என்று அறிக்கை வாங்குங்கள். கூரை, மழைநீர்க் குழாய் முதலில், பெயின்ட் கடைசியில். மேலே ஒழுகலை விட்டுவிட்டு உட்சுவர்ப் பூச்சுக்குக் கேட்டால், ஈரக்கறை படிந்த உங்கள் புகைப்படமே காட்டிக்கொடுத்துவிடும். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவரென்றால் கொட்டேஷனிலும் சுண்ணாம்பே இருக்கட்டும். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கல்லை உதிரவைக்கும்.

கொட்டேஷன் மூன்று, ஒரே வேலைப் பட்டியலுக்கு. ஒருவர் சாரச் செலவைச் சேர்த்து, இன்னொருவர் விட்டிருந்தால் ஒப்பிடவே முடியாது. வரி, மேற்பார்வைக் கட்டணம், எதிர்பாராச் செலவுக்கு ஒரு 10 சதவீதம் எல்லாம் இப்போதே சேருங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. சபை திரட்டிய தொகைக்கு வங்கிக் கணக்கு விவரம் வையுங்கள்.

கழிப்பறை, சாய்தளம் போன்றவற்றுக்குத் தனி விண்ணப்பமாகக் கேட்பது நல்லது. சபைக்கு வெளியே யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் கட்டடத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அந்த விண்ணப்பத்தில் எடுபடும்.