உண்ணிக் காய்ச்சல் உள்ள காப்பக நாயைத் தத்தெடுத்தால் செய்ய வேண்டியவை

காப்பகத்தில் குட்டிகளுக்குச் சீக்கிரம் வீடு கிடைத்துவிடும். "ரத்தத்துல பிரச்சினை இருக்கு" என்று சொல்லப்படும் வளர்ந்த நாயை யாரும் கேட்பதில்லை. எங்கள் செம்பி அப்படி இருந்தவள்தான். அவளுக்கு வந்தது எர்லிக்கியா. பழுப்பு உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா நோய் அது. காலத்தோடு பார்த்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். தயவுசெய்து பயந்து ஒதுக்காதீர்கள்.

படி 1: ரத்த அறிக்கை

காப்பகத்திலேயே கேட்டு வாங்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் அணுக்களின் எண்ணிக்கை. நல்ல நிலையில் உள்ள நாய்க்கு அது ஏறக்குறைய 2 லட்சத்துக்கு மேல் இருக்கும். பிறகு உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிளேட்லெட் ஏறும்வரை கருத்தடை அறுவை சிகிச்சை வேண்டாம், ரத்தம் நிற்காது.

படி 2: மாத்திரை

எல்லோரும் திணறும் இடம் இதுதான். வழக்கமாகத் தருவது டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், 28 நாள். எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொல்வார். இரண்டு மூன்று நாளிலேயே நாய் எழுந்து வாலாட்டும், சாப்பாடு கேட்கும். "சரியாயிடுச்சே" என்று அப்போது நிறுத்திவிடக் கூடாது. மிச்சக் கிருமி உடம்பிலேயே தங்கி, பின்னால் எலும்பு மஜ்ஜை வரை பாதிக்கலாம்.

வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். தயிர்சாதத்தில் பிசைந்தும் கொடுக்காதீர்கள், பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் மருந்தை உடம்பில் சேரவிடாது. என் தேர்வு வேகவைத்த கோழி ஈரல். மூன்று துண்டு எடுங்கள். முதல் துண்டு வெறுமனே. இரண்டாவதற்குள் மாத்திரை. அதை வாயில் வைக்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்டுங்கள். அந்த அவசரத்தில் மென்று பார்க்காமல் விழுங்கிவிடும். உடனே கொஞ்சம் சோறும் தண்ணீரும் கொடுங்கள். மாத்திரை தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும்.

காய்ச்சலுக்கு நம் வீட்டுப் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன் எதையும் தொடாதீர்கள்.

படி 3: உண்ணி

காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தேடுங்கள். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். கையால் நசுக்க வேண்டாம். மருந்துக் குளியலைவிட, நாய் மென்று தின்னும் உண்ணி மாத்திரைதான் என் தேர்வு. பிரேவெக்டோ ஒன்று ஏறக்குறைய 12 வாரம் காக்கும். வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நாயோடு வீட்டையும் பாருங்கள். பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரிசலைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். படுக்கைத் துணியை வெந்நீரில் அலசுங்கள்.

பின்சேர்க்கை: பலர் கேட்ட இரண்டு விஷயங்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து கூடவே கூடாது, பூனைக்கு அது விஷம். இன்னொன்று, மருந்து முடிந்தும் எர்லிக்கியா துரிதச் சோதனையில் "பாசிட்டிவ்" என்று வருகிறதே என்ற கவலை. அந்தச் சோதனை கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத்தான் பார்க்கிறது. குணமான பிறகும் அது பல மாதம் ரத்தத்தில் இருக்கும். பிளேட்லெட்டை மறுபடி எண்ணச் சொல்லி, அந்த அறிக்கையை மருத்துவரிடம் காட்டுங்கள்.