மாடியில் சோலார், கையில் ஆப்: எங்கே தவறுகிறோம்?

பணகுடி, வள்ளியூர் பக்கத்துக் காற்றாலைகள் நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக 96 துண்டு போட்டு. கம்ப்யூட்டர் இல்லாமல் இது நடக்காது. காற்று எப்போது வரும் என்று தெரிந்தால்தானே அனல்மின் நிலையத்தைக் குறைத்து ஓட்ட முடியும்? இப்போது மின் உற்பத்தியைக் கம்ப்யூட்டர் வழியாகக் கவனிக்கிற வசதி வீட்டு மாடிக்கும் வந்துவிட்டது; சோலார் எவ்வளவு தருகிறது என்பதைப் போனிலுள்ள ஆப்பிலேயே பார்க்கலாம். ஆனால் அதைப் பயன்படுத்துவதில் சில தவறுகள் ஊர் ஊராகத் தொடர்கின்றன.

அதிகம் சண்டை வருவது யூனிட் கணக்கில். 3 கிலோவாட் சோலார் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 12 யூனிட் அளவில் தரும். ஆப் அந்த 12-ஐக் காட்டும். பகலில் ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார் என்று வீடே 4 யூனிட்டை எடுத்துக்கொண்டால், மீட்டர் வழியாக வெளியே போவது 8 மட்டும்தான். பில்லில் ஏற்றுமதி என்று வருவது இந்த 8. “நாலு யூனிட்டைக் காணோம்” என்று ஈபி ஆபீஸுக்குப் போகாதீர்கள். அதை நீங்கள்தான் செலவழித்திருக்கிறீர்கள். ரீடிங் எடுக்க வருகிற அன்றே மீட்டரின் இறக்குமதி (ஈபியிலிருந்து நீங்கள் எடுத்தது), ஏற்றுமதி (நீங்கள் வெளியே கொடுத்தது) இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு மாதக் கணக்கைச் சரிபார்க்க அது போதும்.

அடுத்து, தென்காசி, கடையம் பக்கம் சாரல் விழும் ஆனி, ஆடியில் உற்பத்தி குறைந்ததும் பேனல் கெட்டுவிட்டது என்று பதறுகிறார்கள். பங்குனி வெயிலோடு ஆடி மேகத்தை ஒப்பிடக் கூடாது. போன வருடம் இதே மாதம் எவ்வளவு வந்தது என்று ஆப்பிலேயே பாருங்கள். அதைவிடவும் நன்றாகக் குறைந்திருந்தால் பேனலில் தூசி இருக்கலாம், கழுவிவிட்டுப் பாருங்கள்.

கரண்ட் போனதும் சோலாரும் நின்றுவிடுகிறதே என்பார்கள். பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்தே ஓடுகிற ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) அப்படித்தான் நிற்க வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மீது உங்கள் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது அல்லவா! இதைத் தயவுசெய்து யாரும் மாற்றி அமைக்கச் சொல்லாதீர்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு பாஸ்வேர்டில்தான். பேனல் மாட்ட வந்தவர் தன் மெயில் ஐடியில் ஆப் கணக்கைத் தொடங்கிவிட்டுப் போய்விடுகிறார். கடை மூடிப்போனால் உங்கள் வீட்டு விவரம் உங்களுக்கே கிடைக்காது. கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நம் கூடங்குளத்திலேயே நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் (கெடுதல் செய்யும் புரோகிராம்) புகுந்ததை அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30-இல் ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த நெட்வொர்க்கோடு சேராமல் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை. வீட்டிலும் அதே முறைதான்: இன்வெர்ட்டரை ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் (விருந்தாளிகளுக்கென்று தனியாகத் தருகிற இணைப்பு) போடுங்கள், பேங்க் வேலை பார்க்கிற போன் வேறு வைஃபையில் இருக்கட்டும்.

அப்புறம், “இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழையுங்கள்” என்று வரும் மோசடி மெசேஜ். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாதான் இதில் அதிகம் பயந்துபோகிறார்கள். அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டாம், அனுப்புகிற எந்த ஆப்பையும் ஏற்ற வேண்டாம் என்று அவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள். பாக்கி உண்டா என்று மின்வாரியத் தளத்தில் சர்வீஸ் நம்பரைப் போட்டு நீங்களே பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.