அம்மாவோடு சுவிட்சர்லாந்தில் ரயிலேறப் போகிறவர்களுக்கு

எங்கள் அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. போன ஜூன் மாதம் அவரையும், தங்கையையும், அவளுடைய 9 வயது, 13 வயதுப் பையன்களையும் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்தில் ஒன்பது நாள் சுற்றி வந்தேன். கார் வாடகைக்கு எடுக்கவில்லை, சுற்றுலா பஸ்ஸிலும் போகவில்லை. எல்லாம் ரயில், படகு, மலை ரயில்தான். பினாங்கில் எங்கள் ஊரான பாகான் டாலாமில் எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாம் “வயசானவங்கள வச்சுக்கிட்டு எப்படிச் சமாளிச்சீங்க?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தங்கும் இடம். ஒரு ராத்திரி சூரிச், ஒரு ராத்திரி லூசெர்ன், ஒரு ராத்திரி செர்மாட் என்று ஊருக்கு ஊர் ஹோட்டல் போடாதீர்கள். அங்கே ரயில் ஏறி இறங்குவது சிரமமே இல்லை, பெட்டிகளோடு ஏறி இறங்குவதுதான் சிரமம். நாங்கள் லூசெர்னில் நாலு ராத்திரி, இன்டர்லாகனில் மூன்று, கடைசியாகச் சூரிச்சில் ஒன்று தங்கினோம். மற்ற ஊர்களுக்கெல்லாம் காலையில் ஒரு கைப்பையோடு போய் மாலையில் திரும்பினோம். லூசெர்னிலிருந்து இன்டர்லாகனுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் ஆகும். ஏரிகளை ஒட்டியே போகும் பாதை, அதையே ஒரு நாள் சுற்றுலாவாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஊரிலும் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஹோட்டல் தேடுங்கள். வாடகை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அம்மா மதியம் களைத்துப் போனால் தனியாகவே அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ள முடிந்தது.

பெட்டி ஆளுக்கு ஒன்று, அதுவும் நீங்களே ஒரு கையால் தூக்கி ரயிலில் வைக்கிற அளவுக்குத்தான் இருக்க வேண்டும். ரயிலில் முதுகோடு முதுகாகப் போட்டிருக்கும் இருக்கைகளுக்கு நடுவே முக்கோணமாக ஓர் இடைவெளி இருக்கும். நடுத்தரப் பெட்டி அதில் கச்சிதமாக நுழையும், கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். பெரிய பெட்டி என்றால் கதவருகே தட்டுத் தேடி அலைய வேண்டும்.

அடுத்தது பாஸ். சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள்களுக்குக் கிடைக்கிறது. ரயில், பஸ், ஏரிப் படகு, நகர டிராம் எல்லாம் இதில் அடங்கும். இன்னொன்று ஹாஃப் ஃபேர் கார்டு. அது ஒரு மாதம் செல்லும், ஏறக்குறைய எல்லா டிக்கெட்டும் பாதி விலை, மலை ரயில்கள் உட்பட. எது லாபம் என்று யாரிடமும் கேட்க வேண்டாம், நீங்களே கணக்குப் போடுங்கள். போக நினைக்கிற பயணங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி (SBB) செயலியில் ஒவ்வொன்றின் முழு விலையையும் பாருங்கள். மொத்தத்தைப் பாதியாக்கி, கார்டு விலையைக் கூட்டி, பாஸ் விலையோடு ஒப்பிடுங்கள். ஒரே ஊரில் தங்கி இரண்டு மூன்று பெரிய மலைகளுக்கு மட்டும் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கார்டுதான் மலிவு. தினமும் ஊர் சுற்றுகிறவர்களுக்குப் பாஸ் நல்லது. நாங்கள் 8 நாள் பாஸ் எடுத்தோம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். 6 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகள், பாஸ் வைத்திருக்கும் அப்பாவோ அம்மாவோ கூட வந்தால் ஃபேமிலி கார்டில் இலவசம். பாஸ் வாங்கும்போதே அந்தக் கார்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குக் காசில்லை. ஆனால் பாட்டியோ, பெரியம்மாவோ, மாமாவோ மட்டும் கூட்டிப்போனால் அது செல்லாது. நம் வீடுகளில் “நான் பிள்ளைகளப் பாத்துக்கிறேன், நீ ஹோட்டல்ல படு” என்பது சகஜம். அதனால் இதை முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெயர் விஷயமும் அப்படித்தான். நம் மலேசிய பாஸ்போர்ட்டில் இன்னாரின் மகன், மகள் என்பதற்கு ஏ/எல் (A/L), ஏ/பி (A/P) என்று இருக்கும், இணையப் படிவங்கள் பல அந்தச் சாய்கோட்டை ஏற்காது. விமான டிக்கெட்டில் எப்படி எழுதினீர்களோ அப்படியே பாஸிலும் எழுதுங்கள், ஐந்து பேருக்கும் ஒரே முறையில். அங்கே நிலையங்களில் நம் கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் நிலையம் மாதிரி தடுப்புக் கதவு கிடையாது, நேராக நடைமேடைக்குப் போய் ஏறிவிடலாம். பரிசோதகர் ரயிலுக்குள் வருவார், பாஸோடு பாஸ்போர்ட்டையும் கேட்பார். டிக்கெட் ரயிலுக்குள் விற்பதில்லை, இல்லாமல் ஏறினால் அபராதம்தான்.

பினாங்கிலிருந்து சூரிச்சுக்கு நேரடி விமானம் இல்லை. நாங்கள் சிங்கப்பூர் வழியாக, ஒரே டிக்கெட்டாக எடுத்தோம். அதனால் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் போட்ட பெட்டியைச் சூரிச்சில்தான் எடுத்தோம். மலேசிய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். நாடு திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட்டில் மூன்று மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

சூரிச் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, நகரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். சூரிச் பெரிய நிலையத்தில் நடைமேடை எண் 31 முதல் 34 வரை என்றாலும், 41 முதல் 44 வரை என்றாலும் பூமிக்கு அடியில் என்று அர்த்தம். லிஃப்ட் தேடிப் போக நேரம் பிடிக்கும். செயலி ஐந்து ஆறு நிமிடத்தில் ரயில் மாறச் சொல்லும். வயதானவர்கள் கூட இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். ஓடவே ஓடாதீர்கள். 1982 முதல் அந்த நாட்டு ரயில்கள் ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் கிளம்பும்படி அட்டவணை வைத்திருக்கிறார்கள். 10:05 ரயில் போனால் 11:05-க்கு இன்னொன்று வரும், பல தடங்களில் அரை மணியிலேயே வந்துவிடும். ஒரு தடவை ரயிலைத் தவறவிட்டபோது பையன்கள் நிலையத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு விநாடி முள் ஒரு சுற்று முடித்து மேலே வந்து சற்று நிற்கும், பெரிய முள் ஒரு நிமிடம் தாவும், உடனே சிவப்பு முள் மறுபடி கிளம்பும். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

இப்போது நாங்கள் தவறிய இடத்தைச் சொல்கிறேன். இன்டர்லாகன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து லவுட்டர்புருன்னனுக்கும் கிரிண்டல்வால்டுக்கும் ஒரே ரயில்தான் கிளம்பும். வழியில் ஸ்வைலுட்ஷினன் என்ற சிறு நிலையத்தில் அது இரண்டாகப் பிரியும், ஒரு பாதி இந்தப் பள்ளத்தாக்குக்கும் மறுபாதி அந்தப் பள்ளத்தாக்குக்கும் போய்விடும். கூட்டமாக இருந்ததால் அம்மாவும் தங்கையும் சின்னவனும் ஒரு பெட்டியில் ஏறினார்கள், நானும் பெரியவனும் கடைசி நேரத்தில் வேறொரு பெட்டியில் ஏறினோம். உள்ளே நடந்து போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அவர்கள் லவுட்டர்புருன்னனில் இறங்க, நாங்கள் கிரிண்டல்வால்டில் இறங்கினோம். அம்மாவின் மாத்திரைப் பை என் தோளில் இருந்தது. அடுத்த ரயிலில் ஸ்வைலுட்ஷினன் வரை திரும்பி வந்து, அங்கிருந்து ரயில் மாறிப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. பெட்டியின் பக்கவாட்டுப் பலகையிலும் நடைமேடைத் திரையிலும் எந்தப் பகுதி எங்கே போகும் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டு ஏற வேண்டும். அப்புறம், மாத்திரை சாப்பிடுகிறவரிடமே மாத்திரையும் பாஸும் இருக்கட்டும்.

எந்த மலைக்குப் போவது என்று கேட்டால், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் முதலில் ரீகியைத்தான் சொல்வேன். லூசெர்னிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் ஃபிட்ஸ்நவ். படகை விட்டு இறங்கியதும் எதிரிலேயே சிவப்பு மலை ரயில் நிற்கும். 1871-ல் ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயில் அது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். படகும் ரயிலும் பாஸிலேயே முழுவதும் அடங்கிவிடும். உயரம் 1,800 மீட்டருக்குள்தான் என்பதால் மூச்சும் வாங்காது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, “நம்ம கொடிமலை ரயில் மாதிரியே இருக்கு” என்றார். பினாங்கு மலையைத்தான் நாங்கள் கொடிமலை என்போம். கொடிமலையில் 2011 முதல் ஓடும் வண்டிகளைப் போட்டதும் ஒரு சுவிஸ் நிறுவனம்தான் என்று சொன்னேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

யுங்ஃபிராவ்யோக் வேறு மாதிரி. நிலையமே 3,454 மீட்டரில் இருக்கிறது. பாஸ் கிரிண்டல்வால்டு அல்லது வெங்கன் வரைக்கும்தான் செல்லும், அதற்கு மேல் 25 சதவீதக் கழிவில் தனி டிக்கெட் வாங்க வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போகக் கூடாது. அம்மாவும் தங்கையும் வெங்கனிலேயே இருந்துகொண்டார்கள். கார் வராத ஊர் அது, நாள் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

செர்மாட்டிலிருந்து மலைகளுக்கு நடுவே ஓடும் சுற்றுலா ரயிலான கிளேசியர் எக்ஸ்பிரஸுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாக முன்பதிவு செய்து பணம் கட்ட வேண்டும். அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன, அவற்றுக்கு முன்பதிவு வேண்டாம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. அங்கே பணம் ஃபிராங்க், யூரோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். மின்சாரச் சோற்றுச் சட்டி கொண்டு போகிறவர்கள் பிளக் மாற்றியைப் பார்த்து வாங்குங்கள். அந்த நாட்டுச் சாக்கெட் சுவரில் பள்ளமாக இருக்கும், தடித்த வட்ட மாற்றி அதற்குள் நுழையாது. ரயில் கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்துங்கள்.

திரும்பும் விமானம் காலையில் என்றால் கடைசி ராத்திரி சூரிச்சில் தங்குவது நல்லது. எங்கள் 8 நாள் பாஸ் முந்தின நாளோடு முடிந்திருந்தது. விமான நிலையத்துக்குப் போகும் அந்தச் சின்னப் பயணத்துக்கு மட்டும் நிலையத்து இயந்திரத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டோம்.